விருந்தினரின் கடமை

தில்லையைத் தரிசித்தால் முக்தி, அண்ணாமலையை நினைத்தால் முக்தி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கண்ணால் கண்ட மாத்திரத்தில் வினை தீரும் என்னும் நம்பிக்கை நம் மண்ணுக்கே உரியது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பூடான் நாட்டின் பாரோ பள்ளத்தாக்கில், விடியலுக்கு முந்தைய குளிரில், ஆயிரக்கணக்கான கிராமத்து மக்களோடு வரிசையில் நின்றபோது அந்த எண்ணம் மாறியது. அவர்கள் காணக் காத்திருந்த பட்டுத் திரைக்கு 'தோங்த்ரோல்' என்று பெயர். 'பார்த்தாலே விடுதலை' என்பது அச்சொல்லின் பொருள்.

பாரோ செச்சு என்னும் வசந்தகாலத் திருவிழாவுக்காக, வழிகாட்டியுடன் கூடிய பண்பாட்டுச் சுற்றுலா ஒன்றில் சென்ற ஆண்டு நானும் சேர்ந்துகொண்டேன். பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு வங்கத்தின் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, ஜெய்காவ்ன் எல்லைக்குச் சென்றோம். எல்லையின் நுழைவாயிலைத் தாண்டினால் பூன்ட்ஷோலிங். கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கச் சொன்னார் எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டி. முழங்கால் வரை நீளும் 'கோ' என்னும் தேசிய உடை அணிந்த, முப்பது வயதைத் தாண்டாத இளைஞர் அவர். அடுத்த ஆறு நாள்களில் அந்த நாட்டைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி அவர் வழியாக வந்ததுதான்.

'செச்சு' என்றால் 'பத்தாம் நாள்' என்று பொருள். எட்டாம் நூற்றாண்டில் இமயமலை நாடுகளில் பௌத்தத்தைப் பரப்பியவராகப் போற்றப்படும் பத்மசம்பவரை, அதாவது குரு ரின்போச்சேயை, நினைவுகூரும் நாள் அது. பூடானின் ஒவ்வொரு மாவட்டமும் வெவ்வேறு மாதத்தில் இவ்விழாவைக் கொண்டாடுகிறது. பாரோவின் விழா, பூடானியச் சந்திர நாள்காட்டியின் இரண்டாம் மாதத்து வளர்பிறையில் தொடங்கிப் பௌர்ணமியன்று நிறைவடையும். பெரும்பாலும் நமது பங்குனி உத்திரத்தை ஒட்டியே அந்தப் பௌர்ணமி வந்துவிடுகிறது. பீச் மரங்கள் பூத்திருக்க, வயல்கள் உழவுக்குக் காத்திருக்க, ஆண்டின் வேளாண் பணிகள் சூடுபிடிக்கும் முன்பாக ஊர் கூடும் பருவம் அது.

விழா நடைபெறும் இடம் ரின்புங் ஜோங். 'மணிக்குவியலின் மேல் அமைந்த கோட்டை' என்பது அப்பெயரின் பொருள். பூடானை ஒருங்கிணைத்த ஷப்துருங் நவாங் நம்கியால் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய இக்கோட்டை, 1907-இல் தீக்கு இரையாகி மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு பாதியில் மடாலயமும் மறுபாதியில் மாவட்ட நிர்வாக அலுவலகங்களும் இன்றும் இயங்குகின்றன. ஆற்றைக் கடக்கும் கூரை வேய்ந்த மரப்பாலத்திலிருந்து கோட்டை வரையிலான ஏற்றம் முழுவதும், புத்தாடை அணிந்த குடும்பங்கள் சோற்றுக் கூடைகளுடன் நடந்து கொண்டிருந்தன. நம் ஊர்த் தேர்த்திருவிழாவுக்கு வண்டி கட்டிச் சென்ற காலத்தை அது நினைவூட்டியது.

முகமூடி அணிந்து ஆடப்படும் 'சாம்' நடனங்களே விழாவின் மையம். துறவிகளும் பயிற்சி பெற்ற இல்லறத்தாரும் ஆடுகின்றனர். விளக்கம் இல்லாமல் பார்ப்பவருக்கு அவை வண்ணமயமான சுழற்சிகள் மட்டுமே. வழிகாட்டியின் அவசியம் அங்கேதான் புரிந்தது. கருந்தொப்பி அணிந்து ஆடுவோர், ஒன்பதாம் நூற்றாண்டில் பௌத்தத்தை ஒடுக்கியதாகக் கூறப்படும் திபெத்திய அரசன் லாங்தர்மாவை ஒரு துறவி வீழ்த்திய நிகழ்வை நினைவுபடுத்துகிறார்கள் என்றார் அவர். எலும்புக்கூடு உடையணிந்து வருவோர் சுடுகாட்டின் காவலர்கள்.

இவற்றுள் என்னை மிகவும் கட்டிப்போட்டது, இறந்தவனின் விசாரணையைக் காட்டும் 'ரக்ஷா மங்சாம்'. நடுநாயகமாக எமதர்மனின் பேருருவம். ஒரு பக்கம் வெள்ளைத் தேவன், மறுபக்கம் கறுப்பு அசுரன். பாவம் செய்தவனின் உயிர் எடை போடப்பட்டு, கறுப்புத் துணி விரித்த பாதையில் நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. நல்லவனுக்கு வெள்ளைத் துணி விரிக்கப்படுகிறது. சித்திரகுப்தனின் கணக்கேட்டை அறிந்த நமக்கு இக்கதை அந்நியமன்று. ஆனால், அங்கிருந்த முதியவர்கள் அதனைக் கதையாகப் பார்க்கவில்லை. இறந்த பின் தாம் காணப்போகும் உருவங்களை இப்போதே கண்டு பழகிக்கொண்டால், அந்த நேரத்தில் அச்சம் இருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. விழா அவர்களுக்கு ஓர் ஒத்திகை.

இத்தனைக்கும் நடுவே, நீண்ட மூக்குடைய சிவப்பு முகமூடி அணிந்த 'அட்சரா' என்னும் விதூடகர்கள் துறவிகளையே கேலி செய்தபடி திரிகிறார்கள். 'ஆச்சார்ய' என்னும் வடசொல்லின் திரிபே அட்சரா. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல, சிரிக்க வைத்துக்கொண்டே கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும், நடனமாடுபவரின் அவிழ்ந்த முடிச்சைச் சரிசெய்வதும் அவர்களது பணி.

இந்த விழாவைக் காண ஒரு விலை உண்டு. 1974-இல், நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவையொட்டி வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்த பூடான், தொடக்கம் முதலே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி வந்திருக்கிறது. நெடுங்காலம், வெளிநாட்டினர் நாளொன்றுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையைச் செலவிட்டே ஆக வேண்டும் என்பது விதி. 2022 செப்டம்பரில் அம்முறை மாறி, ஓர் இரவுக்கு 200 டாலர் என நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் விதிக்கப்பட்டது. வருகை சரிந்ததால் அடுத்த ஆண்டே அது 100 டாலராகக் குறைக்கப்பட்டது. இந்தியர்களுக்கு நெடுங்காலம் எந்தக் கட்டணமும் இருந்ததில்லை. 2020 முதல்தான் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வசூலிக்கப்படுகிறது.

'நட்பு நாட்டவரிடம் கட்டணமா?' என்று எங்கள் குழுவிலேயே சிலர் முணுமுணுத்தனர். அவர்கள் அறியாத கணக்கு ஒன்று உண்டு. பூடானின் மக்கள்தொகை 2017 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 7.27 லட்சம். 2019-இல் அங்கு சென்ற பயணிகள் 3.15 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அந்த ஆண்டு அக்டோபரில், தோச்சுலா கணவாயில் இந்தியப் பயணி ஒருவர் ஸ்தூபியின் மீதேறி நின்று எடுத்துக்கொண்ட படம் பூடான் மக்களைக் கொதிப்படையச் செய்தது. அங்குள்ள 108 ஸ்தூபிகள், 2003 டிசம்பரில் நடந்த இராணுவ நடவடிக்கையில் உயிர்நீத்த பூடான் வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. அந்த நடவடிக்கை, பூடான் காடுகளில் முகாமிட்டிருந்த, இந்தியாவுக்கு எதிராகச் செயல்பட்ட ஆயுதக் குழுக்களை வெளியேற்றுவதற்காக மேற்கொள்ளப்பட்டது. நம் பாதுகாப்புக்காகவும் உயிர்விட்டவர்களின் நினைவிடம் அது என்பதை எவரேனும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தால், அந்தக் கால் மேலேறியிருக்குமா?

கட்டுப்பாடில்லாத வருகை மலைகளை என்ன செய்யும் என்பதற்கு நாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. பத்ரிநாத் செல்லும் வழியிலுள்ள ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. மலையின் தாங்குதிறனை எண்ணாமல் எழுப்பிய கட்டடங்களும் மேற்கொண்ட பணிகளும் குறித்த எச்சரிக்கைகள் அங்கே பல ஆண்டுகளாகவே ஒலித்து வந்தன. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டியிருக்கிறது. பூடான் முன்கூட்டியே செய்ததை, நாம் காயம்பட்ட பின் செய்கிறோம்.

ஆனால், பூடானைப் பழுதற்ற முன்மாதிரியாகக் காட்டுவது நேர்மையாகாது. சுற்றுலா விளக்கங்களில் இடம்பெறாத ஒரு பக்கமும் அந்நாட்டு வரலாற்றில் உண்டு. 'ஒரே நாடு, ஒரே மக்கள்' என்னும் கொள்கையின் பெயரால், 1989-இல் தேசிய உடையும் நடத்தை நெறியும் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டன. பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நிறுத்தப்பட்டது. குடியுரிமைச் சட்டமும் கடுமையாக்கப்பட்டிருந்த நிலையில், தென் பகுதியில் வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் 1990-களில் கிழக்கு நேபாளத்தின் அகதி முகாம்களில் வாழ நேர்ந்தது. 2007-க்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர். நான் வியந்து பார்த்த அதே 'கோ' உடை, வேறொரு வீட்டில் வெளியேற்றத்தின் நினைவாக மடித்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். ஒரு பண்பாட்டைப் பாதுகாப்பதும், அதை எல்லோர் மீதும் திணிப்பதும் வேறு வேறு. விருந்தினராகச் செல்பவர் இவ்விரண்டையும் அறிந்து செல்வதே முறை.

இனி, அந்த விடியலுக்கு வருகிறேன்.

விழாவின் நிறைவு நாளன்று அதிகாலை மூன்று மணிக்கே எங்களை எழுப்பிவிட்டார் வழிகாட்டி. இருளில், கட்டடமொன்றின் முகப்பை மறைத்தபடி அந்த மாபெரும் பட்டுத் திரை மெல்ல மேலேறியது. துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த குரு ரின்போச்சேயின் உருவம். சுற்றிலும் அவரது எட்டு வடிவங்கள். எக்காளங்கள் முழங்கின, நெய்விளக்குகள் எரிந்தன. சூரியக் கதிர் படுவதற்குள் திரையைச் சுருட்டிவிட வேண்டும் என்பது மரபு. ஆகவே, அந்தச் சிறு பொழுதுக்குள் திரையின் விளிம்பில் நெற்றியைப் பதித்துவிட மக்கள் வரிசையில் நகர்ந்தனர்.

எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர், வரிசையை விலக்கி முன்னே சென்று, கைப்பேசியின் வெளிச்சத்தைப் பாய்ச்சிப் படமெடுக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் நின்ற மூதாட்டி, முதுகு வளைந்தவர், விளிம்பை எட்ட முடியாமல் காத்திருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. வழிகாட்டி விரைந்து சென்று, "சார், அந்த அம்மா மூன்று மணி நேரம் நடந்து வந்திருக்கிறார்" என்று மட்டும் கூறினார். நண்பர் வெட்கி விலகினார். அவரைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. என் கைப்பேசியும் அப்போது உயர்ந்துதான் இருந்தது. அதைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த மூதாட்டியின் பின்னே வரிசையில் நின்றுகொண்டேன்.

ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் செலுத்திய ரசீது எங்கள் எல்லோரிடமும் இருந்தது. கட்டணம் கூட்டத்தைக் குறைக்கும்; சாலை போடும்; பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உதவும். ஆனால், எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதை அது கற்றுத் தராது. அதைக் கற்றுத் தந்தவர் அந்த இளைஞர்.

திரும்பும் வழியில் அவரிடம் எதிர்காலத் திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லை மூடப்பட்டு வருமானம் நின்றபோது எடுத்த முடிவாம். அவருடன் பயிற்சி பெற்றவர்களில் பலர் ஏற்கெனவே பெர்த் நகரில் இருக்கிறார்கள். பூடானின் படித்த இளைஞர்கள் அண்மை ஆண்டுகளில் பெருமளவில் அந்நாட்டுக்குச் செல்வது பூடான் அரசையே கவலையில் ஆழ்த்தியிருக்கிறது. "விழா நாளில் அங்கிருந்தபடி நேரலையில் பார்ப்போம் சார்" என்று சிரித்தார். பார்த்தாலே விடுதலை தரும் திரையைக் கைப்பேசியில் பார்த்தால் பலன் உண்டா என்று நான் கேட்கவில்லை.

விழாவைக் காப்பதற்கு விதித்த கட்டணம், விழாவை விளக்கும் மனிதர்களைத் தக்கவைக்கப் போதவில்லை என்றால், அக்கொள்கை பாதி வழியே வந்திருக்கிறது என்று பொருள். நம் மலைகளுக்கும் கோயில்களுக்கும் வருகைக் கட்டுப்பாடு வகுக்கும்போது, வாயிலில் வசூலிக்கும் தொகையைப் போலவே உள்ளே நின்று எடுத்துச் சொல்லும் மனிதரின் ஊதியத்தையும் மதிப்பையும் நாம் எண்ண வேண்டும்.

என்னிடம் அந்தப் பட்டுத் திரையின் படம் ஒன்றுகூட இல்லை. அதன் விளிம்பில் நெற்றி பதித்துவிட்டுத் திரும்பிய மூதாட்டி, எனக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்ற காட்சி மட்டும் இருக்கிறது.