துப்பாக்கியை இறக்கி வைத்த பிறகு

ஜூரோங்கில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளுமாக நிறைந்திருக்கும் நிலத்தை 1942 பிப்ரவரியில் இந்தியச் சிப்பாய்கள் காத்து நின்றார்கள். கிராஞ்சிக்கும் ஜூரோங்குக்கும் நடுவே போட்ட தற்காப்புக் கோட்டில் 44ஆவது இந்தியப் பிரிகேடு இருந்தது. கோடு நிலைக்கவில்லை. 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. 17ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கிடைத்தது அங்கேதான். சேர மறுத்தவர்களும் ஏராளம். கைதி முகாம்களில் அவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

அந்த ராணுவம் என்றதும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸும் கேப்டன் லட்சுமியும் உடனே நினைவுக்கு வருவார்கள். ஜானகி தேவர் என்று சொன்னால் தேக்காவில் எத்தனை பேருக்குத் தெரியும்? லட்சுமிக்கு அடுத்த நிலையில் ராணி ஜான்சி என்ற பெண்கள் படையை நடத்தியவர் அவர். பின்னாளில் மலேசிய நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவரும் அவரே.

1925இல் கோலாலம்பூரில், வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1943இல் போஸ் மலாயாவுக்கு வந்து பேசியபோது, காதில் கிடந்த தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டில் புயல். நகையைக் கொடுத்தது போதாதென்று படையிலும் சேரப் போகிறேன் என்று மகள் நிற்க, அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் மகள்தான் ஜெயித்தாள்.

அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூரின் கத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசை போஸ் பிரகடனம் செய்தார். மறுநாளே, நடந்து போகும் தூரத்தில், வாட்டர்லூ ஸ்திரீட்டில் பெண்கள் பயிற்சி முகாம் திறந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அங்கே நிறையப் பேர். சொகுசாக வளர்ந்த ஜானகிக்கு முகாம் சாப்பாடும் ஓட்டமும் அணிவகுப்பும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பழகிக்கொண்டார். பழகியதோடு நில்லாமல், பர்மாவுக்குப் போனபோது மற்றவர்களை வழிநடத்தும் பொறுப்பையும் ஏற்றார். அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை.

அவருடைய ராணுவ வாழ்க்கையில் என்னை அதிகம் பாதிப்பது பின்வாங்கல்தான். 1945 ஏப்ரல் 24 இரவு ரங்கூனைவிட்டுக் கிளம்பினார்கள். பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் தான் நகர மாட்டேன் என்று போஸ் பிடிவாதமாக இருந்தார். லாரிகள் சேற்றில் புதைந்தன. பகலில் விமானங்கள் குண்டு போட்டதால் மரத்தடியில் பதுங்கி, இரவில் நடந்தார்கள். சித்தாங் ஆற்றைக் கடந்து, மூட்டை சுமந்து, கொப்புளம் வெடித்த கால்களோடு பாங்காக் போய்ச் சேரச் சுமார் மூன்று வாரம் பிடித்தது. வெற்றி ஊர்வலத்தில் முன்னே நடப்பது எளிது. தோற்றுத் திரும்பும் படையைச் சிதறாமல் வீடு சேர்ப்பதற்கு வேறு நெஞ்சுரம் வேண்டும்.

வீடு திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. போர் தின்றுவிட்டுப் போன மலாயாவில் நோயும் பசியும் மிச்சமிருந்தன. இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு ஜானகி சேர்ந்துகொண்டார். 1946இல் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது, அதை நிறுவியவர்களில் ஒருவரானார். ஆதி நாகப்பனை மணந்தார். அவரும் லேசுப்பட்டவரில்லை. மலேசிய ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர். உள்ளாட்சித் தேர்தல் மறுபடி வேண்டும் என்ற அதன் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை.

பின்னர் ஜானகி டேவான் நெகாரா எனும் மேலவைக்கு உறுப்பினராகப் போனார். அந்த அவைக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. சிலரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும், மற்றவர்களை மாமன்னர் நியமிப்பார். மேலவை உறுப்பினருக்குத் தொகுதி இல்லை, சுவரொட்டி இல்லை. அவர் பெயர் மங்கிப்போனதற்கு இது ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு காரணம் நாம்தான். சீருடையில் நின்ற இளம்பெண்ணைக் கொண்டாடிவிட்டு, அதற்குப் பின் அவர் செய்த பல பத்தாண்டு வேலையைக் கவனிக்காமல் விட்டோம்.

2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ அளித்தது. 2014 மே 9ஆம் தேதி காலமானார். மலேசிய நாடாளுமன்றத்தின் அவைக் குறிப்பேடுகள் எவரும் படிக்கக்கூடியவை. அவர் அங்கே என்ன பேசினார், யாருக்காகப் பேசினார் என்று தேடி எடுத்துத் தமிழில் எழுத ஓர் இளம் ஆய்வாளர் முன்வர வேண்டும். போர்க்களக் கதை போதுமான அளவு சொல்லியாகிவிட்டது.