மாற்றத்தால் முடங்கிய கணிப்பொறி: மீட்கும் முறை

கணிப்பொறி தொடங்க மறுத்தால், அதில் சேமித்த ஏடுகள் யாவும் அழிந்துவிட்டன என அஞ்சுவோர் பலர். அமைப்பில் செய்த ஒரு மாற்றமே தடைக்குக் காரணமாயின் அவ்வச்சம் பெரும்பாலும் தேவையற்றது. வட்டில் பதிந்த செய்திகள் பொதுவாகக் கேடின்றி இருக்கும். தொடங்கும் வழி மட்டுமே அடைபட்டிருக்கும்.

இதற்குத் தக்க சான்று 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் நிகழ்ச்சி. அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குக் கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், தன் காவல் மென்பொருளுக்கான சிறு அமைப்புக் கோப்பொன்றை உலகெங்கும் அனுப்பியது. மென்பொருள் 20 உள்ளீடுகளையே வழங்கியது. புதிய கோப்போ 21ஆவதையும் நாடிற்று. இல்லாத இடத்தைப் படிக்க முயன்றதால் விண்டோஸ் நிலைகுலைந்தது. அம்மென்பொருள் தொடக்கத்திலேயே இயங்குவதாகையால், பல பொறிகள் மீண்டும் மீண்டும் அதே இடத்தில் நின்றன. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. எனினும் சுமார் 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸ்கள் கையால் எழுதி வழங்கப்பட்டன.

பரிகாரம் எளிதே. கணிப்பொறியைச் 'சேஃப் மோட்' எனப்படும் காப்பு நிலையில் தொடங்கி, 291 என்ற எண்ணுடைய அக்கோப்பை நீக்கி, வழக்கம்போல் தொடங்குமாறு செர்ட்-இன் அமைப்பும் அறிவுறுத்தியது. காப்பு நிலையில் இன்றியமையாத பகுதிகள் மட்டுமே இயங்குவதால், கோளாறுடைய பகுதி குறுக்கிடுவதில்லை. ஆனால் பெரும்பாலான பொறிகளின் முன் ஒருவர் நேரில் அமர்ந்தே இதனைச் செய்ய வேண்டியிருந்தது.

தீவுகளில் பணிபுரிவோர் இதனைக் கருதுதல் வேண்டும். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்ற, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி சென்னையை அந்தமானுடன் இணைக்கிறது. ஆயினும், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரின் மரைன் ஹில் பகுதியில் ஒரு சாதாரணக் கணிப்பொறி தொடங்காது நின்றால், அதனைச் சென்னையிலிருந்து கம்பி வழியே திருத்த இயலாது. அங்கிருப்போரே கைகொடுத்தாக வேண்டும்.

முதலில், கடைசியாகச் செய்த மாற்றம் யாதென ஆராய்க. புதிதாகச் சேர்த்த கருவியைக் கழற்றுக. தொடக்கம் தொடர்ந்து இருமுறை தடைப்படின், விண்டோஸ் பொதுவாகத் தானே மீட்புத் திரையைக் காட்டும். அதன்வழி காப்பு நிலைக்குச் சென்று, புதிய இயக்கியையோ மென்பொருளையோ நீக்கலாம். முன்னைய மீட்புப் புள்ளிக்கும் திரும்பலாம். பயாஸ் அமைப்பு மாற்றப்பட்டிருந்தால், மாற்றிய மதிப்பைப் பழையபடி வைத்தலே முறை. அது நினைவில் இல்லையேல் ஆலை அமைப்புக்கு மீட்கலாம். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுதல் கடைசி வழி. அதற்கு முன், யூ.எஸ்.பி. வழியே தொடங்கி ஏடுகளைப் படியெடுத்தல் வேண்டும்.

பிட்லாக்கரால் பூட்டப்பட்ட வட்டாயின், மீட்பின்போது 48 இலக்கத் திறவெண் கேட்கப்படலாம். அஃதின்றேல் ஏடுகள் வட்டில் இருந்தும் எட்டாப் பொருளாகும். ஆகவே அவ்வெண்ணைத் தாளில் எழுதி, கணிப்பொறிக்கு அப்பால் பத்திரமான ஓரிடத்தில் வைத்தல் நன்று. அமைப்பை மாற்றுமுன் பழைய மதிப்பையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவரின், பழுது நேர்ந்த நாளில் அவ்வேடே முதல் துணையாகும்.