சிரட்டையும் கப்பியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில், தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்குகின்ற வீடுகளில், முழங்காலின் முன்புறம் மூடிபோல் அமைந்த சிற்றெலும்பைச் 'சிரட்டை' என்று வழங்குவார்கள். கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டையை ஒத்த வடிவத்துக்கு அப்பெயர் பொருத்தமே. அதன் தொழிலை அறிய விரும்புகிறவரோ கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்வது உத்தமம். தொடைத் தசை இழுக்கும் நாண், கப்பிமேல் ஓடும் கயிறுபோல இவ்வெலும்பின் வழியே சென்று காலை நீட்டுகிறது. படியேறுகையில் உடல் எடையைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு பாரமும், குந்தி எழுகையில் அதனினும் மிகுதியும் இங்கே அழுந்துவதால்தான், சரீரத்திலேயே மிகத் தடித்த குருத்தெலும்பை இயற்கை இதன் உட்புறத்தில் பூசிவைத்திருக்கிறது.

அப்பூச்சு வயோதிகத்தில் தேய்ந்தால் நேர்வது யாது என்பதை, நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தில், குழித்தறியை விட்டு எழுகின்ற முதிய நெசவாளர் ஒருவரிடம் காணலாம்: சமதரையில் அவ்வளவாகக் குறையின்றி நடப்பவர், குழியிலிருந்து எழும்போது மட்டும் இரு கைகளையும் தரையில் ஊன்றி, மூச்சை அடக்கி, சிரட்டைக்குள் மணல் அரைபடுவதுபோன்ற நெறுநெறுப்புடன் மெல்ல நிமிர்கிறார்.

தேகப்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து, ஊன்றுகோல் ஆகியவற்றால் தீராத வேதனைக்கே ரண சிகிச்சை. முழங்காலையே அறுத்தெடுத்துவிடுவார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில், எலும்பு முனைகளின் தேய்ந்த பரப்பை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி, தொடையெலும்புக்குக் கோபால்ட்-குரோமியக் கவசமும், கணைக்கால் எலும்புக்கு உலோகத் தட்டும், இரண்டுக்கும் இடையே பாலிஎத்திலீன் பலகையும், சிரட்டையின் உட்புறத்துக்குப் பாலிஎத்திலீன் வில்லையும் வைத்து, அக்ரிலிக் சிமெண்டினால் பதிக்கிறார்கள். 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் சிரட்டைக்கும் இடம் தந்து அமைத்த மூட்டே இன்றைய வடிவங்களுக்கு முன்னோடி. சிரட்டையும் அது வழுக்கி நகரும் பள்ளமும் மாத்திரம் கெட்டிருந்தால் அவ்விடத்தை மட்டும் மாற்றுவதுமுண்டு. எனினும் முதியோருக்கு ஏனைய பகுதிகளும் பின்னர் தேயக்கூடுமாதலால், முழு மூட்டையும் ஒருமுறையில் புதுப்பிப்பதே நலமென்பது வைத்தியர் பலரின் அபிப்பிராயம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என்று உச்சவிலை விதித்தது, நெசவையும் ரப்பர் வெட்டையும் நம்பிய குடும்பங்களுக்குப் பேருதவி.

பெரும்பாலும் மறுநாளே நோயாளியைப் பிடித்து எழுப்பி நடத்துவார்கள். குழித்தறியில் மறுபடி இறங்குவதும் தரையில் குந்துவதும் தகா; ஆயினும் வீட்டுப் படியை வலியின்றி ஏறலாம். அதற்குப் படுக்கையில் கிடந்தபடியே குதிகாலை இழுத்து முழங்காலை மடக்கியும், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தியும் வாரக்கணக்கில் பழக வேண்டும். கப்பியை வைத்தியர் புதுப்பித்துத் தருவார். கயிற்றை இழுக்கும் பலத்தை நோயாளிதான் நாள்தோறும் தேடிக்கொள்ள வேண்டும்.