உரையாடற் பெட்டியின் பொத்தான்களும் நன்னூல் விடைவகையும்

கணிப்பொறித் திரையிற் சிறு பெட்டியொன்று தோன்றி வினவுதலும், நாம் பொத்தானை அழுத்தி விடையிறுத்தலும் இன்று அன்றாட வழக்காயின. அவ்வினாவும் விடையும் இலக்கண ஆராய்ச்சிக்கு உரியனவே என்பதை ஈண்டுக் காட்ட முயல்கின்றோம்.

ஜாவா மொழியின் ஸ்விங் தொகுதியைச் சான்றாகக் கொள்வோம். உறுதி கேட்கும் பெட்டிக்கென அதில் வகுக்கப்பெற்ற பொத்தான் வரிசைகள் ஆம்–இல்லை, ஆம்–இல்லை–ரத்து, சரி–ரத்து என்பன. 'ஆம்', 'சரி' என்னும் இரண்டும் நிரலுக்கு 0 என்னும் ஒரே எண்ணைத் தரும், 'இல்லை' 1, 'ரத்து' 2. பொறிக்கு எண்ணே பொருள். படிப்பவர்க்கோ சொல்லே பொருள்.

இவ்வேறுபாட்டால் விளையும் இழப்பு சிறிதன்று. புதுக்கோட்டையில் எம்மிடம் பயிலும் ஆய்வு மாணவர் ஒருவர், குடுமியான்மலைக் கல்வெட்டுப் பற்றிய தம் குறிப்புக்களைத் தவறுதலாக அழிக்கத் தொடங்கி, உடனே நிறுத்த முயன்றார். 'அழித்தலை ரத்து செய்யவா?' என்று பெட்டி வினவிற்று; கீழே 'சரி', 'ரத்து' என இரு பொத்தான்கள். அவர் 'ரத்து' என்பதை அழுத்தினார். ரத்தானது அழித்தலன்று, அவ்வினாவே. குறிப்புக்கள் அழிந்தன.

'இல்லை' என்பதும் ஆராய்தற்குரியது. இன்மைக்கு இல்லை, அன்மைக்கு அன்று, விருப்பின்மைக்கு வேண்டா எனத் தமிழ் மறுப்பை வகுத்துரைக்கும். ஆங்கிலத்தில் இம்மூன்றிடத்தும் விடையாக நிற்பது ஒரே சொல். 'அழிக்கவா?' என்னும் வினாவிற்கு 'வேண்டா' என்பதே இயல்பான விடை. 'இல்லை' என்பது மொழிபெயர்ப்பின் நிழலேயாம்.

பவணந்தியார் விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாக வகுத்தார். 'செய்வாயோ?' என்பார்க்குச் 'செய்வேன்' என்பது நேர். 'செய்யேன்' என்பது மறை. ஈரிடத்தும் வினாவின் வினைச்சொல்லே விடையில் மீண்டு வருதல் காண்க. தமிழர் பேச்சிலும் 'வந்தாயா?' என்பார்க்கு 'வந்தேன்' என்றலே பெருவழக்கு.

ஆகலின், பொத்தானிலும் வினையையே பொறித்தல் தகும். 'அழி', 'அழிக்காதே' என நின்றிருப்பின் அம்மாணவர் மயங்கியிரார். இதற்குத் தடையுமில்லை, ஸ்விங் தொகுதியிலேயே பொத்தான்களுக்கு வேண்டும் பெயரை நிரலர் தாமே இட்டுக்கொள்ள வழியுண்டு. 'பொத்தானிற் செயலைப் பெயரிடுக' என்று ஆப்பிள் நிறுவனத்தின் இடைமுக நெறிகளும் கூறுகின்றன.

கலைச்சொல்லாக்கம் தனிச்சொல்லோடு முடிவதன்று. வினாவையும் விடையையும் இணைத்து நோக்கித் தமிழாக்குதல் தமிழ் பயின்றார் கடனாம்.