கூப்பிடு தூரத்தில் ஒரு காடு

வெளியூரிலிருந்து எங்கள் பரங்கிப்பேட்டைக்கு வரும் விருந்தினர்கள், சாப்பிட்டுக் கை கழுவியதும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பிச்சாவரம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" நானும் பல ஆண்டுகளாக, "இதோ, பக்கத்தில்தான்" என்று பதில் சொல்லி வந்தேன். நாள்தோறும் போய்வருபவனைப் போலச் சொல்வேன். உண்மையில், கல்லூரியில் வரலாறு படித்த காலத்தில் நண்பர்களோடு ஒருமுறை போனதோடு சரி. என் மனைவி பார்த்ததில்லை. பிள்ளைகள் பார்த்ததில்லை. இவ்வூரிலேயே பிறந்து, இவ்வூரிலேயே வாழ்க்கைப்பட்டு, எழுபத்திரண்டு வயதை எட்டிவிட்ட என் உம்மாவும் பார்த்ததில்லை.

நம் இல்லங்களில் பெண்கள் வெளியே புறப்படும் தருணங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். திருமண வீடு, மவுத் வீடு, மருத்துவமனை. வெளிநாட்டிலிருந்து மச்சான் விடுமுறையில் வந்தால் ஊட்டி அல்லது கொடைக்கானல். அதற்கு வேன் பிடித்து, அறை எடுத்து, மூன்று நாள் அலைந்து, ஆளுக்கொரு மாத்திரையோடு திரும்புவது. முதியவர்களை அதில் அழைத்துச் செல்ல இயலாது. மலைப்பாதை தலை சுற்றும், குளிர் ஆகாது என்று சொல்லி வீட்டுச் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோம். நானும் அப்படிக் கொடுத்தவன்தான்.

சென்ற ஆண்டு உம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஒருநாள் மாலை வாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, "சின்ன வயதில் நம் வீட்டு அடுப்புக்குக் கண்டல் விறகு படகில் வந்து ஆற்றங்கரையில் இறங்கும். நின்று எரியும் விறகு. அந்தக் காட்டை ஒருநாளும் பார்த்ததில்லை வாப்பா" என்றார்கள். குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய நிகழ்ச்சியை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். அது ஒரு பயணத்தின்போது நடந்தது என்பதையும் விளக்குகிறேன். பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து, சோறு எங்கே என்று கேட்கிறேன்.

எங்கள் குடும்பத்திற்குப் பொதுவான விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்திற்கு ஞாயிற்றுக்கிழமை. இதையே காரணமாகச் சொல்லிப் பல ஆண்டுகளை ஓட்டியிருந்தேன். இம்முறை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தை மாதம், மழைக்காலம் முடிந்து வெயில் ஏறாத பருவம். பஜ்ர் தொழுதுவிட்டு, உம்மா, லாத்தா, என் மனைவி, பிள்ளைகள் இருவர் என ஆறு பேர் ஒரு வேனில் புறப்பட்டோம். புளிச்சோறு, அவித்த முட்டை, வறுத்த இறால், குடிநீர் ஆகியவை வீட்டிலிருந்தே வந்துவிட்டன. லாத்தா ஒரு நாற்காலியையும் தூக்கி வைத்தார்கள். "எதற்கு?" என்று கேட்டதற்கு, "உம்மா தொழ வேண்டாமா?" என்றார்கள். எனக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றியது.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவ்விரண்டின் கழிமுகங்களுக்கிடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடப்பது பிச்சாவரம் அலையாத்திக் காடு. நூற்றுக்கணக்கான கால்வாய்கள் அதனுள் பின்னிக் கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டு, ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது.

படகுத்துறையில் உம்மாவை இறக்குவதுதான் பெரும்பாடு. படகு ஆடியது. "வேண்டாம் வாப்பா, நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்கள். எத்தனையோ ஆண்டுகளாக நாங்கள் கேட்டுப் பழகிய சொற்கள். படகோட்டி நல்ல மனிதர். படகைத் துறையோடு அணைத்துக் கட்டி, பலகை போட்டுக் கொடுத்தார். நானும் லாத்தாவும் இருபுறமும் தாங்கி இறக்கினோம். விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகே போதும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். இரைச்சல் இல்லை, குறுகலான கால்வாய்களுக்குள்ளும் நுழைந்து செல்லும்.

அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து முதல் குறுங்கால்வாய்க்குள் படகு திரும்பியதும் சட்டென்று நிழல் கவிந்தது. இருபுறமும் சுரபுன்னை மரங்கள். கிளைகளிலிருந்தும் அடிமரத்திலிருந்தும் வேர்கள் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நின்றன. அவற்றின் காய்கள் மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கி, பிறகே சேற்றில் விழுகின்றன. ஓயாமல் ஏறி இறங்கும் நீரில் விதையாக விழுந்தால் அடித்துச் செல்லப்பட்டுவிடும். எனவே தாய்மரமே முளைக்க வைத்து அனுப்புகிறது. சற்றுத் தள்ளி வெண்கண்டல் மரங்களைச் சுற்றி, சேற்றிலிருந்து விரல்களைப் போல ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. காற்றுப் புகாத சேற்றில் அவைதாம் மரத்திற்கு மூச்சுக்குழல்கள். வெண்கண்டல் இலையை நாவில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும்; வேண்டாத உப்பை இலை வழியாக வெளியேற்றிவிடுகிறது அம்மரம். என் மகன் இரண்டு இலைகளை நக்கிப் பார்த்துவிட்டான்.

பெற்றோர் கவனத்திற்கு ஒன்று: கண்ட இலையையும் பறிக்க விடக்கூடாது. தில்லை மரமும் இங்குண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயர் இம்மரத்தால் வந்ததே.

உம்மாவுக்கு இவையெல்லாம் பச்சை நிழலாகவும் வெள்ளை ஒளியாகவுமே தெரிந்தன. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்கள். கொக்கு எந்தப் பக்கம், நண்டு எங்கே ஏறுகிறது என்று ஒவ்வொன்றாக. படகோட்டி ஓரிடத்தில் படகை மரத்தோடு ஒட்டி நிறுத்தினார். உம்மா கை நீட்டி ஒரு வேரைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் தடவிப் பார்த்தார்கள். "இந்த விறகைத்தான் அடுப்பில் வைத்தோம்" என்றார்கள். பிறகு, "தண்ணீர் என்ன நிறம்?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் என் மகள், "தேத்தண்ணீர் நிறம்" என்றாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அழைத்து வந்திருந்தால் அவர்களே பார்த்திருப்பார்கள்.

அங்கே இருளர் இனத்தைச் சேர்ந்த சிலர் மார்பளவு நீரில் நின்று, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தனர். "பார்க்காமலா பிடிக்கிறார்கள்?" என்று உம்மா இரண்டு முறை கேட்டார்கள்.

இக்காட்டின் கதையிலும் மனிதன் செய்த பிழை ஒன்றுண்டு. ஆங்கிலேயர் காலம் முதல் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டிவந்ததால், வெட்டிய இடங்களில் மண் அமிழ்ந்து பள்ளமாயிற்று. புகுந்த கடல்நீர் வடியாமல் தேங்கி, காய்ந்து, உப்பு மிகுந்து, கண்டலே முளைக்காத நிலம் உருவானது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், சுற்றியுள்ள கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, நீர் ஏறி இறங்க வழி செய்து, கன்றுகளை நட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டிற்கு முன்னே கடலோர மணல் திட்டுகளில் வாழ்ந்தோர் பலர் உயிரிழந்தனர். காட்டிற்குப் பின்னே இருந்த ஊர்களோ குறைந்த சேதத்தோடு தப்பின. எங்களைப் போன்ற கடற்கரை ஊரார்க்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கரையேறியபோது லுஹர் நேரமாகிவிட்டது. உப்பங்கழி நீரிலேயே ஒளூச் செய்தோம். கடல்நீர் தூய்மையானது என்பது நாம் அறிந்ததே. "பயணத்தில்தானே இருக்கிறோம், இரண்டு ரக்அத் போதாதா?" என்று மகன் கேட்டான். சுருக்கித் தொழும் அளவுக்கு இது தூரமில்லை, நான்கும் தொழ வேண்டும் என்றேன். அவனுக்கு அது சற்று ஏமாற்றம்தான். உம்மா நாற்காலியில் அமர்ந்து தொழுதார்கள். மர நிழலில் விரிப்பு விரித்துச் சாப்பிட்டோம். இலை, காகிதம், தண்ணீர்ப் புட்டி அனைத்தையும் ஒரு பையில் கட்டி வீட்டிற்கே கொண்டு வந்தோம். அஸருக்கு எங்கள் மஹல்லாப் பள்ளியில் இருந்தேன்.

பிச்சாவரம் எல்லோருக்கும் பக்கமில்லை என்பதை அறிவேன். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர் வாசகர்களுக்கு ஏலகிரி மலை இருக்கிறது. கடையநல்லூர், தென்காசியாருக்குக் குற்றாலம். சென்னைவாசிகளுக்குப் பழவேற்காடு ஏரி. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைச் சகோதரர்கள் தங்கள் வாசலிலேயே ஓர் அலையாத்திக் காட்டை வைத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை.

வீட்டுக்கு வந்து துப்பட்டியை மடித்து வைக்கும்போது உம்மா கேட்டார்கள்: "இத்தனை பக்கத்திலா வாப்பா இருந்தது?"

கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. சிகிச்சை முடிந்து, தண்ணீர் படலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு, மதரஸா நிர்வாகத்திடம் இப்போதே விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.