பென்சிலுக்கு முன்னால் விரல்

"மூணு வயசாச்சு, இன்னும் 'அ' எழுத மாட்டேங்கிறான், ஏதாவது லேகியம் கொடுங்க டாக்டர்" என்று கேட்டு வருகிறீர்கள். லேகியம் எதற்கு?

மரியா மாண்டிசோரியும் வைத்தியம் படித்தவர்தான். 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்ஸோவில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கே எடுத்த எடுப்பில் பென்சில் கிடையாது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். குமிழ் வைத்த மர உருளைகளை மூன்று விரலால் தூக்கித் தூக்கிக் குழியில் வைக்கும். பென்சில் பிடி தானாக வந்துவிடும். நாலு வயதுப் பிள்ளைகளே தாமாக எழுத ஆரம்பித்தார்கள்!

1939-ல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். (நம் திண்ணைப் பள்ளியிலும் மணலில் விரலால்தானே எழுதினார்கள்?)

தட்டில் மணலைப் பரப்பிக் கொடுங்கள். பென்சிலை அவன் கேட்கும்போது கொடுங்கள். ஐந்து வயதாகியும் சட்டைப் பித்தான் போட விரல் வரவில்லையென்றால் கூட்டி வாருங்கள், பார்ப்போம்.