வயிற்றுக் கொழுப்பைக் குறைக்க எந்தப் பயிற்சி?

நீரிழிவும் இருதய நோயும் எமது வீடுகளில் சர்வசாதாரணமாகிவிட்ட நிலையில், உடற் கொழுப்பைக் குறைப்பதை வெறுமனே அழகு சார்ந்த விடயமாக நாம் கருத முடியாது. எனினும், அதற்கு எந்தப் பயிற்சியைத் தெரிவுசெய்வது என்பதில் எம்மில் பலர் தடுமாறுகின்றோம்.

வயிற்றுக்கான பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பது தவறான நம்பிக்கையாகும். அது அவ்விடத்துத் தசையையே வலுப்படுத்துகின்றது; கொழுப்போ உடல் முழுவதிலுமிருந்தே குறைகின்றது. வேக நடை, சைக்கிளோட்டம், நீச்சல் என்பன அதிக சக்தியைச் செலவிடுகின்றன. பாரம் தூக்குதல் அந்தளவுக்குச் செலவிடாவிடினும், உடல் மெலியும்போது தசை இழப்பைக் குறைக்கின்றது. ஆகவே, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றீடாகாது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டலும் வளர்ந்தோருக்கு இரண்டையுமே வலியுறுத்துகின்றது. வாரத்தில் ஐந்து தினங்கள் அரை மணிநேர வேக நடை, இரண்டு தினங்கள் தசைகளுக்கான பயிற்சி என ஆரம்பிக்கலாம். சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பதற்கும் கதிரையில் உட்கார்ந்தெழுவதற்கும் பணம் தேவையில்லை. நோயுள்ளோர் முதலில் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

நடப்பதுடன் சோற்றையும் சீனியையும் குறைத்தால் பயன் அதிகமாகும். சில வாரங்களில் கைவிடப்படும் கடும் பயிற்சியை விட, வருடக்கணக்கில் தொடரக்கூடிய எளிய பயிற்சியையே நாம் தெரிவுசெய்ய வேண்டும்.